ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி அரியாலைக்குள் நுழைந்தபோது எங்கள் டீசல் வேனின் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. சாரதித் தம்பி கண்டி வீதியோரம் ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினான். முன்னாசனத்தின் கீழிருந்து ஆவி எழுந்தது.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதம் நடந்தது இது. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பெண்கள் ஐவர், பிள்ளைகள் மூவர், வண்டிக்காரரான எங்கள் உறவினர், சாரதி, நான் எனப் பதினொரு பேர். பெண்களில் ஒருவர் எழுபதைத் தாண்டிய உம்மா. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் விட்டுவந்த தம் வீட்டு வாசலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவருக்காகத்தான் அந்தப் பயணமே.

வண்டிக்காரர் இறங்கியதும் சாரதியைப் பிடித்துக்கொண்டார்.

"அனுராதபுரத்துல தண்ணி பார்த்தியா?"

"பார்த்தேன் நானா. குறைஞ்சிருந்திச்சி. ஊத்தினேன். கிளிநொச்சியிலயும் ஊத்தினேன்."

"ஊத்தின தண்ணி எங்கே போச்சு? கீழே ஒரு சொட்டாவது விழுந்திருக்கா, பார். பொய் சொல்லாதே!"

தம்பி குனிந்து பார்த்தான். தரை காய்ந்திருந்தது. அவன் வாய் அடைத்துப் போயிற்று. வாப்பாவை இழந்த பிள்ளை அவன். அவன் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது. "ஊருக்குப் போனதும் நீ வேற வேலை பார்த்துக்கொள்" என்ற வார்த்தை எல்லோர் முன்னிலும் வந்து விழுந்தது.

மூடியில் கை வைக்காதீர்கள்

இந்த இரைச்சலுக்கு நடுவே வண்டிக்காரரின் மனைவி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்ற நல்ல எண்ணம்தான். "திறக்காதேங்கோ, தங்கச்சி!" என்று வீதிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. எண்ணெய்க் கறை படிந்த சாரத்தோடு முதியவர் ஒருவர் ஓடிவந்தார். அருகில் சிறிய கராஜ் வைத்திருப்பவர்.

சகோதரிகளே, இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பானையில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டரின் மூடி, பிரஷர் குக்கரின் விசிலைப் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 0.9 அல்லது 1.1 என்று மூடியிலேயே அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரு கணத்தில் நீங்கி, முழுவதும் கொதித்து முகத்தில் பாயும். ஒரு துணி அதைத் தடுக்காது. எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். மேல் ஹோஸைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பின்பே மூடியைத் தொட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. உலோகம் வெடித்துப்போகும்.

கேட்க வேண்டியவரைக் கேட்டார்

அந்த ஐயா எங்களை நிழலில் உட்கார வைத்தார். பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வண்டி ஆறும் வரை அவர் ஒரு கருவியையும் கையிலெடுக்கவில்லை, கேள்விகள்தான் கேட்டார். எத்தனை கிலோமீற்றருக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது? ஓடும்போதா, இரவில் நிற்கும்போதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வருகிறதா? ஒயில் கூடுகிறதா, குறைகிறதா?

வண்டிக்காரருக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பதில் வந்தது அவருடைய மனைவியிடமிருந்து. "ஒன்றரை லீற்றர் போத்தல் நாலு கொண்டு வந்தோம். பிள்ளைகள் குடிச்சது ஒன்று. அனுராதபுரத்தில் ஒரு போத்தலும் கிளிநொச்சியில் ஒரு போத்தலும் தம்பி கேட்டு வாங்கினான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மிச்சம் இருக்கிறது ஒன்று."

போத்தல்களை எண்ணிப் பார்த்தோம். கணக்குச் சரியாக இருந்தது.

"அப்ப தம்பி தண்ணி ஊத்தினது உண்மை" என்றார் ஐயா. "மூண்டு லீற்றர் தண்ணி மாயமாப் போகாது. ஏதோ ஒரு வழியாலைதான் போகுது. அந்த வழியைப் பாப்பம்."

அதே போத்தல்களைக் கண்முன் வைத்துக்கொண்டு நாங்கள் ஒருவனைப் பொய்யன் என்று தீர்மானித்திருந்தோம். கையில் சாட்சியத்தோடு இருந்த பெண்ணிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை.

தண்ணீர் போகும் வழிகள்

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஒரு மூடிய சுற்று. எஞ்சினில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப எஞ்சினுக்கே வருகிறது. சூடேறினால் விரிந்து பக்கத்துச் சிறு தாங்கிக்குள் போகும். ஆறினால் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆகவே மட்டத்தைக் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, சமதரையில் வைத்தே பார்க்க வேண்டும். புதிதாகத் தண்ணீர் மாற்றிய ஓரிரு நாளில் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் ஒருமுறை குறையும். அது ஒழுக்கு அல்ல. திரும்பத் திரும்பக் குறைந்தால்தான் தேட வேண்டும்.

போகும் வழி மூன்றுதான். வண்டிக்கு வெளியே, ஆட்கள் இருக்கும் பகுதிக்குள், அல்லது எஞ்சினுக்குள்.

வெளியே போகும் தண்ணீர் எப்போதும் தரையில் சொட்டும் என்பதில்லை. சூடான பாகத்தில் பட்டால் அப்படியே ஆவியாகிவிடும். ஆனால் தடம் விட்டுப் போகும். வெள்ளையாகவோ, ஊற்றிய கூலண்டின் நிறத்திலோ காய்ந்த பொருக்கு ஒட்டியிருக்கும். ரேடியேட்டரின் ஓரத் தையல், ஹோஸ் கிளிப்புகள், தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, எஞ்சின் கட்டையின் பக்கவாட்டில் காசு போல அடித்திருக்கும் வட்டத் தகடுகள் ஆகியன முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மூடியின் இறப்பர் வெடித்திருந்தாலும், சுருள்வில் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் ஆவியாகிக் குறையும். மூடிக்கு ஆகும் செலவு சொற்பம். அதனால் அதை முதலில் பார்ப்பது அறிவு.

உள்ளே போகும் வழி ஹீட்டர். குளிர் நாட்டுக்காகச் செய்த வண்டிகளில் இது கட்டாயம் இருக்கும். ஜப்பானில் ஓடி நம் நாட்டுக்கு வரும் பல வேன்களில் பின்னாசனத்துக்கும் தனியாக ஒரு ஹீட்டர் உண்டு. நாம் அதைப் போடுவதேயில்லை. ஆனால் தண்ணீர் அதன் குழாய்க்கும் போய்வருகிறது. கால்மிதிக் கம்பளம் ஈரமாவது, முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாக மூடுவது, வண்டிக்குள் ஓர் இனிப்பு வாடை வருவது ஆகியன இந்த ஒழுக்கின் அடையாளங்கள். அதிகமாகப் பின்னால் உட்காரும் பெண்கள்தான் இவற்றை முதலில் உணர்வார்கள்.

எஞ்சினுக்குள் போவதுதான் பெரிய வருத்தம். எஞ்சின் கட்டைக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையில் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. பெற்றோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய இரு மடங்கு நெருக்கி அமுக்குகிறது. அத்தனை அழுத்தத்தையும் இந்தக் கேஸ்கட் தாங்க வேண்டும். பல எஞ்சின்களில் கட்டை இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலே ஹெட் கோணலாகலாம், மயிரிழை வெடிப்பு விழலாம். பிறகு தண்ணீர் எரியறைக்குள் போய் வெண்புகையாக வெளியேறும். எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்து குமிழிடும்.

ஐயா தேடிய முறை

எங்கள் ஊர் கராஜ் ஒன்றில் ஏற்கெனவே "ஹெட் போய்விட்டது, கழற்ற வேண்டும்" என்று இலட்சக்கணக்கில் செலவு சொல்லியிருந்தார்கள். வண்டிக்காரர் அதைச் சொன்னதும் ஐயா சிரித்தார். "கழட்டிறது கடைசி வேலை. கழட்டாமல் பாக்கக் கூடியதெல்லாம் பாத்துப்போட்டுத்தான் கழட்ட வேணும்."

ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். ஒயில் பால்தேநீர் நிறமாகியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஒயில் கறுப்பாகவே இருந்தது. குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஒயில் மூடியின் உட்புறம் கொஞ்சம் வெண்மை படிவதுண்டு. அது வியர்வை போன்றது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார். நன்றாக ஆறிய பின் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை இயக்கிப் பார்த்தார். எரியறை வாயு கசிந்தால் குமிழிகள் இடைவிடாமல் எழும்பும். எஞ்சின் சூடேறு முன்பே ஹோஸ் கல்லாக இறுகும். எங்கள் வண்டியில் இரண்டும் இல்லை.

அடுத்து, மூடி இருக்கும் இடத்தில் மானியோடு கூடிய ஒரு கைப்பம்பைப் பொருத்தினார். மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கே காற்றை ஏற்ற வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. முள் அசையாமல் நின்றால் ஒழுக்கில்லை. எங்கள் முள் மெல்ல மெல்ல இறங்கியது. ஐயா எங்களை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். சிறிது நேரத்தில் தம்பியைக் கூப்பிட்டு டோர்ச் அடிக்கச் சொன்னார்.

பின் ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாயில் துரு பிடித்து, ஊசிமுனை அளவில் ஒரு துளை. அதிலிருந்து தண்ணீர் நூலாகப் பாய்ந்து நேரே சைலன்சர் குழாயில் பட்டுக்கொண்டிருந்தது. ஓடும்போது அந்தக் குழாய் நெருப்பாய் இருப்பதால் தண்ணீர் விழ விழ ஆவியாகிவிடும். வண்டி ஆறினால் அழுத்தம் இல்லை, ஒழுக்கும் இல்லை. அதனால்தான் தரையில் ஒரு சொட்டுமில்லை. சைலன்சர் குழாயில் ஓர் உள்ளங்கை அளவுக்கு வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. பல மாதங்களாக அது அங்கேயே இருந்திருக்கிறது. குனிந்து பார்த்தவர்தான் இல்லை.

அந்தக் குழாய் நமக்குத் தேவையே இல்லாத ஒன்று. ஐயா எஞ்சின் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டார். மீண்டும் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். முள் நின்ற இடத்தில் நின்றது. ஹோஸுக்கும் கிளிப்புக்கும் பணம் வாங்கியவர், கூலிக்குச் சொன்ன தொகை எங்களுக்கே வெட்கமாக இருந்தது. வற்புறுத்திக் கூட்டிக் கொடுத்தோம்.

கிணற்றுத் தண்ணீரும் கேத்தலும்

அருகிலிருந்த கிணற்றைக் காட்டி, "இதிலை நிரப்பிக்கொண்டு போகலாமா?" என்று கேட்டோம். "வேற வழி இல்லாட்டி ஊத்தலாம். ஆனா ஊருக்குப் போனதும் மாத்திப்போடுங்கோ" என்றார்.

காரணம் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல் தரை. நிலத்தடி நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கடனீரேரியை அடுத்த கிணறுகளில் உவர்ப்பும் சேரும். கேத்தலின் அடியில் கல்லாகப் படியும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டாத வீடு அங்கே உண்டா? அதே பொருக்கு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து வழியை அடைக்கும். உப்பு, இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். புத்தளத்தின் பல கிணறுகளுக்கும் இதே குணம் உண்டு. "நம் நாட்டில் பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கூலண்ட் உறைவதைத் தடுப்பதோடு நிற்பதில்லை; கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. எங்கள் குழாயைத் துளைத்தது வெறும் தண்ணீரே ஊற்றிவந்த பழக்கம்தான் என்று ஐயா சொன்னார். வடித்த நீரோடு உரிய கூலண்டைக் கலந்து ஊற்றுவதே முறை.

ஆனால் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலண்டுகளில் இருப்பது எதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு. நிறம் கண்ணைக் கவரும், சுவை இனிக்கும். சிறிதளவு உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகும். மிஞ்சியதைச் சர்பத் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அழுத்தம் நின்றும் தண்ணீர் குறைந்தால்

எல்லா வண்டியிலும் காரியம் இவ்வளவு இலேசாக முடிவதில்லை. புதிய டீசல் வண்டிகளில் இன்னொரு வழி உண்டு. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புமுன் அதைக் குளிர வைக்க, ஈ.ஜி.ஆர். கூலர் என்ற பாகம் இருக்கிறது. அதற்குள்ளும் தண்ணீர் ஓடுகிறது. அது உள்ளே வெடித்தால் தண்ணீர் புகையோடு போய்விடும். தரையிலும் இராது, ஒயிலிலும் இராது. 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் பல வீதியில் தீப்பற்றின. அந்தக் கூலரில் கசிந்த கூலண்ட் கரியோடு சேர்ந்து படிந்து பற்றியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு அந்நாட்டில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. "கொஞ்சம்தானே குறைகிறது, ஊற்றிக்கொண்டு ஓடுவோம்" என்பது எப்போதும் பாதுகாப்பல்ல.

ஆகவே வெளியே ஒழுக்கில்லை என்று உறுதியான பின்னும் தண்ணீர் குறைந்தால், காலையில் வண்டி சற்றே உதறி வெண்புகை விட்டால், ஹோஸ்கள் விடிந்த பின்னும் இறுகியே இருந்தால், எரிவாயுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நீல நிறத் திரவம் ஒன்றின் ஊடாக ரேடியேட்டரின் காற்றை இழுப்பார்கள். எரியறை வாயு இருந்தால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். அப்போது ஹெட்டைக் கழற்றுவதில் நியாயமிருக்கிறது. காலந்தாழ்த்தவும் கூடாது. இரவில் எரியறைக்குள் தண்ணீர் தேங்கினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினின் உள்தண்டே வளைந்துபோகலாம். தண்ணீர் அமுங்காது அல்லவா?

இன்னொன்று. தண்ணீர் மிகவும் குறைந்துவிட்டால் வெப்பமுள் சரியான அளவைக் காட்டாமலும் போகலாம். முள் நடுவில் நிற்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை மட்டத்தைப் பார்த்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் வருகிறது. இன்றைய ஒட்டகத்தைக் கட்டும் விதம் இதுதான்.

சந்தேகம் என்ற துரு

வேலை முடிந்தபோது அஸருடைய நேரம் வந்திருந்தது. ஐயா தம் கிணற்றடியில் எங்களுக்கு உளூவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். தொழுது முடித்ததும் வண்டிக்காரர் தம்பியின் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் முன்னால சொன்னேன், எல்லாருக்கும் முன்னாலயே மாப்புக் கேட்கிறேன். நீ எங்கேயும் போகவேணாம்" என்றார். தம்பி பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன்.

அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனத்தில், சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டும் விலகும்படி அல்லாஹ் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறான். அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாமலிருக்க, வந்த செய்தியை விசாரித்து அறியும்படி சொல்கிறது. இவற்றை எத்தனையோ ஜும்ஆக்களில் நான் ஓதியிருக்கிறேன். ஆனால் அன்று அந்தத் தம்பி ஏசப்பட்டபோது நானும் பக்கத்தில் பேசாமல்தான் நின்றேன். வேதம் ஓதாத ஒரு முதியவர் அந்த வசனங்களின்படி நடந்து காட்டினார். முதலில் கேட்டார், பிறகு பார்த்தார், பிறகு சோதித்தார், கடைசியில்தான் சொன்னார்.

நம் வீடுகளிலும் காணாமல் போவது எத்தனை! பணம் குறைந்தால் வேலைக்கு வரும் பிள்ளை, சீனி குறைந்தால் மருமகள், மகன் முகம் கொடுக்காவிட்டால் அவன் மனைவி. தரையில் சொட்டு இல்லாததால் தண்ணீரே ஊற்றவில்லை என்று தீர்ப்பளித்ததைப் போலத்தான் இவையும். குழாயை மாற்றிவிடலாம், ஹெட்டையும் மாற்றிவிடலாம். பலர் முன் பொய்யன் என்று சொல்லப்பட்டவனின் மனதை எந்தக் கராஜில் மாற்றுவது?

மஃரிபுக்கு முன் சோனகத் தெருவை அடைந்தோம். உம்மா தம் பழைய வாசலில் நெடுநேரம் நின்றார். சந்தேகத்தின் பேரில் ஒரு மனிதனல்ல, ஒரு சமூகமே வெளியேற்றப்பட்ட தெரு அது. திரும்பி வரும்போது உம்மா சொன்னார்: "அந்த அரியாலை ஐயாவின் கூலி காணாது மகன். போகும்போது அந்தப் பக்கம் நிறுத்து. கொஞ்சம் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போவோம்."

நிறுத்தினோம், கொடுத்தோம். புத்தளம் வந்து சேரும் வரை தண்ணீர் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். விசாரித்தறியும் பொறுமையையும், தவறிவிட்டால் மன்னிப்புக் கேட்கும் தைரியத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.